டோக்கன் பொருளாதாரம் அல்ல, வில்லை முறை

குழந்தைகள் இல்லங்களில் அடிப்பதை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 82ஆம் பிரிவு குற்றமாக்கியிருக்கிறது. பிரம்புக்குப் பதிலாக வந்த வழிகளில் ஒன்றைப் பயிற்சிக் குறிப்புகள் ‘டோக்கன் பொருளாதாரம்’ என்கின்றன. தமிழ்ப்பற்றுள்ளவர்கள் அதையே ‘அடையாளப் பொருளாதாரம்’ ஆக்குகிறார்கள். இரண்டும் பிழை.

டோக்கன் எகானமி என்பது அமெரிக்க மனநல மருத்துவமனை ஒன்றில் 1960களில் உளவியலாளர்கள் அய்லானும் அஸ்ரினும் வகுத்த ஏற்பாடு. சொன்னதைச் செய்த உடனே ஒரு வில்லை, அதாவது கையில் தரும் சிறு வட்டத் துண்டு. சேர்ந்ததும் கொடுத்து விரும்பியதை வாங்கிக்கொள்ளலாம். ‘எகானமி’யின் கிரேக்க வேர் வீட்டை நடத்தும் ஒழுங்கைக் குறிப்பது. நம் ‘பொருளாதார’த்தில் அந்த வீடு இல்லை, பணமும் பட்ஜெட்டும்தான் இருக்கின்றன. அதைக் கேட்ட பணியாளர் கூலிக்கணக்குப் போடத் தொடங்குகிறார். “பாயைச் சுருட்டலையா, ரெண்டு கழி” என்று அபராதம் நுழைந்துவிடுகிறது. சம்பாதித்ததைப் பிடுங்கினால் பிள்ளைக்கு நம்பிக்கை போய்விடும், முறையும் படுத்துவிடும்.

‘அடையாளம்’ இன்னும் மோசம். அடையாள உண்ணாவிரதம், அடையாள வேலைநிறுத்தம் என்றால் பெயருக்குச் செய்வது என்றுதானே பொருள்? ‘டோக்க’னை அப்படியே வைக்கலாம் என்பார்கள். தஞ்சை, நாகைப் பக்கத்தில் டோக்கன் என்றால் நெல் கொள்முதல் நிலையத்தில் தருவது, ரேஷன் கடையில் தருவது: காத்திரு என்று சொல்லும் சீட்டு. இங்கே வில்லை காத்திருக்கவே கூடாது. பாய் சுருண்டதும் கைக்கு வர வேண்டும். சாயங்காலம் தந்தால் எதற்கென்று பிள்ளைக்குத் தெரியாது. ‘வெகுமதி’யும் வேண்டாம், அது பெரியவர் மனம் குளிர்ந்து தருவது.

கற்பூர வில்லை, சேவகரின் டவாலி வில்லை என நமக்குப் பழகிய சொல் இருக்கிறது. கூடவே ‘முறை’. முறைவைத்துத் தண்ணீர் விடும் டெல்டாவில் அதற்கு விளக்கம் வேண்டாம்: எவருக்கு எப்போது என்பது முன்பே தெரியும், முகம் பார்த்து மாறாது. ஆகவே வில்லை முறை.

சொல் சரியானால் செயலும் நேராகும். மூன்று நடத்தைகள் போதும், கண்ணால் பார்க்கக்கூடியவையாக. ‘ஒழுங்காக இரு’ உதவாது, ‘6.30க்குள் பாயைச் சுருட்டி அடுக்கு’ உதவும். பகல் பணியாளரும் இரவுப் பணியாளரும் ஒரே கணக்கில் தர வேண்டும். ஒருவர் தாராளம், மற்றவர் கறார் என்றால் பிள்ளைகள் ஆளைப் பார்த்து நடப்பார்கள். பெரிய பையன்கள் சின்னவர்களிடம் பறிப்பதும் நடக்கும். வில்லைக்குப் பதில் பெயரெழுதிய அட்டையில் துளையிட்டால் பறிக்க முடியாது. வில்லையைக் கொடுத்து விரும்பியதை வாங்கும் மாற்று சின்னவர்களுக்கு அன்றன்றே, பெரியவர்களுக்கு வாரம் ஒருமுறை. பழக்கம் படிந்ததும் வில்லையைக் குறைத்துக்கொண்டே வந்து, வாய்ப் பாராட்டில் நிறுத்த வேண்டும்.

சுவரில் ஒட்டும் தாளில் ‘விலைப்பட்டியல்’ என்று எழுதாதீர்கள், ‘மாற்றுப் பட்டியல்’ என்று எழுதுங்கள். ஐந்து வில்லைக்கு அரை மணி கேரம் அதில் இருக்கலாம். சோறும் தூக்கமும் அம்மாவிடம் போனில் பேசுவதும் அதில் ஏறக்கூடாது.