அடாஜியோ என்றால் எவ்வளவு மெதுவாக?

ஸ்ட்ரிங் குவார்டெட்டில் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. கையசைத்து நடத்த கண்டக்டர் கிடையாது. பாட்டின் தலைப்பில் 'அலெக்ரோ' (விரைவாக) என்றோ 'அடாஜியோ' (மெதுவாக) என்றோ ஓர் இத்தாலியச் சொல் மட்டும் இருக்கும். அதைப் பார்த்துத்தான் நாலு பேரும் ஒரே காலப்பிரமாணத்துக்கு வந்து சேர வேண்டும்.

இத்தாலியச் சொற்கள் நிலைத்ததற்குக் காரணம், 17-ஆம் நூற்றாண்டில் வாத்திய இசையில் இத்தாலியர்களின் கையே ஓங்கியிருந்ததுதான். 1681-ல் ரோமில் அச்சான இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லியின் ட்ரியோ சொனாட்டாக்கள் (சிறு வாத்தியக் குழுவுக்கான இசை) போன்ற நூல்கள் ஐரோப்பா முழுக்கப் பரவின. இசையோடு சொற்களும் போயின.

இந்தச் சொற்களில் துல்லியம் இல்லை என்ற குறை தீர வந்தது, சீராகத் தட்டி வேகத்தைக் காட்டும் மெட்ரோனோம் என்ற கருவி. ஆம்ஸ்டர்டாமில் 1814-ல் விங்கெல் கண்டுபிடித்ததை எடுத்து, அளவுகோல் சேர்த்து, 1815-ல் பாரிஸில் காப்புரிமை வாங்கியவர் மெல்ட்சல். நிமிடத்துக்கு 60 தட்டு வேண்டுமானால் சாதாரண ஊசலுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வேண்டும். 40 தட்டுக்கு இரண்டு மீட்டருக்கும் மேல். விங்கெல் தண்டின் நடுவில் அச்சை வைத்து, கீழே ஓர் எடை, மேலே நகரும் எடை என்று இரண்டு பக்கமும் கட்டினார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று சமன் செய்வதால் ஊசலை மையத்துக்கு இழுக்கும் விசை குறைகிறது; குட்டித் தண்டே நிதானமாக ஆடுகிறது. மேல் எடையை உயர்த்த உயர்த்த வேகம் இன்னும் குறையும்.

பேத்தோவனுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. 1817-ல் தன் முதல் எட்டு சிம்ஃபனிகளுக்கும் பதினொரு குவார்டெட்டுகளுக்கும் மெட்ரோனோம் வேக எண் போட்டு வெளியிட்டார். அதே வருடம் வியன்னா இசைக்கலைஞர் மோசெலுக்கு எழுதிய கடிதத்தில், அலெக்ரோ என்றால் களிப்பு, ஆனால் பாட்டு அதற்கு நேர்மாறாக இருக்கிறதே என்று சலித்துக்கொண்டார். அவருடைய 95-ஆம் ஓபஸின் (ஓபஸ் என்றால் படைப்பு வரிசை எண்) மூன்றாம் பகுதிக்குத் தலைப்பே 'அலெக்ரோ அசாய் விவாச்சே மா செரியோசோ': களிப்போடு விரைவாக, ஆனால் கனத்த முகத்தோடு! இருந்தும், பாட்டின் குணத்தைச் சொல்லும் சொற்களை விட முடியாது என்றும் அதே கடிதத்தில் எழுதினார். வேகம் உடல், அந்தச் சொற்கள் உயிர் என்பது அவர் கருத்து. அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது வில்லைக் கவனித்தால் புரியும்.

வில்லின் முடி தந்தியைப் பற்றும், விடும், மறுபடி பற்றும். 440 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு நொடிக்கு 440 முறை இது நடக்கிறது. தந்தி எவ்வளவு பெரிதாக அதிரும் என்பது வில்லின் வேகத்தையும், தந்திகளைத் தாங்கும் குதிரையிலிருந்து வில் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் பொறுத்தது. வில்லின் முடி நீளமோ மாறாது, சுமார் 65 செ.மீ.தான். அடாஜியோவில் ஒரு சுரம் நீண்டால் வில் மெல்லத்தான் நகர முடியும். அப்போதும் சத்தம் வேண்டுமென்றால் குதிரைப் பக்கம் நெருங்கி அழுத்த வேண்டும், நாதம் கூர்மையாகிவிடும். 'சோட்டோ வோச்சே', அதாவது அடங்கிய குரலில், என்றால் விரல்பலகைப் பக்கம் தள்ளி, அழுத்தம் குறைத்து இழுப்பார்கள். நாதத்தில் கலந்திருக்கும் மேல் சுரக்கூறுகள் மங்கி நாதம் மென்மையாகும். வேகத்தைத் தொட்டால் நாதமும் மாறுகிறது. இதை எண் சொல்லாது.

1801-ல் வெளிவந்த பேத்தோவனின் 18-ஆம் ஓபஸின் ஆறாவது குவார்டெட்டில் 'லா மலின்கோனியா' (மனச்சோர்வு) என்றொரு பகுதி உண்டு. இதை மிகமிக நளினத்தோடு கையாள வேண்டும் என்று இத்தாலியனில் ஒரு முழு வாக்கியமே எழுதிவைத்தார். பலமும் மென்மையும் மாறி மாறி வரும் அந்த ஸ்வரக்கட்டுகளை வாசிக்கும் கைக்கு அந்த வாக்கியம் தேவைதான்.

நாலு பேரும் எப்படிச் சேர்கிறார்கள்? தொடங்கும்போது முதல் வயலின்காரரின் மூச்சும் வில்லசைவும் போதும். பிறகு ஒருவரையொருவர் கேட்டு, சில பத்து மில்லிசெகண்ட் பிசகுகளை அடுத்த சுரத்திலேயே சரிசெய்கிறார்கள். ஹேடன் குவார்டெட் ஒன்றை இரண்டு குழுக்களை வாசிக்கச் சொல்லி 2014-ல் வெளியான ஆய்வில், ஒரு குழுவில் மற்றவர்கள்தான் முதல் வயலினுக்கு இசைந்து கொடுத்தார்கள். இன்னொன்றில் நால்வரும் ஏறக்குறைய சமமாக விட்டுக்கொடுத்தார்கள்.

பேத்தோவனின் கடைசிக் குவார்டெட்டுகளுக்கு மெட்ரோனோம் எண்ணே கிடையாது. 130-ஆம் ஓபஸில் காவத்தீனா என்ற, பாடல்போன்ற பகுதியின் தலைப்பில் இருப்பது 'அடாஜியோ மோல்ட்டோ எஸ்பிரெசிவோ' (மெதுவாக, மிகுந்த உணர்ச்சியோடு) மட்டும். நடுவில் ஓரிடத்தில் இத்தாலியனையும் விட்டுவிட்டு, நெஞ்சடைத்து என்ற பொருளில் 'பெக்லெம்ட்' என்று ஜெர்மனில் எழுதினார். கீழே மூவரும் மும்மூன்றாகத் துடிக்க, முதல் வயலின் மட்டும் அதோடு ஒட்டாமல், திக்கித்திக்கி வரும். ஒரு குழு ஆறரை நிமிடத்தில் முடிக்கும் இந்தக் காவத்தீனாவை இன்னொரு குழு ஏழு நிமிடத்துக்கும் மேலே கொண்டுபோகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.