ஒரே ஹனிபா ஏன் மூன்று பேராகத் தெரிகிறார்?

கீழக்கரையிலோ ஏர்வாடியிலோ ஒரு வீட்டு டிவியில் பாட்டும் படமும் ஓட்டும் கோடி (Kodi) மென்பொருளைத் திறந்து பாடகர் பட்டியலுக்குப் போனால், நாகூர் ஹனிபா, நாகூர் ஈ.எம். ஹனிபா, நாகூர் அனிபா என்று ஒருவரே மூன்று பேராக நிற்பதைப் பார்க்கலாம். இராமநாதபுரத்தில் பிறந்த அந்தக் குரலை இப்படித் துண்டு துண்டாகப் பார்க்க எனக்கு மனசு ஒப்புவதில்லை. கோப்புகளின் பெயரை மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு, அதனால் பயனில்லை.

டிவியில் தெரியும் நூலகம் வேறு, வன்தட்டில் கிடக்கும் பாட்டு வேறு. மீன் ஏலக் கணக்கு நோட்டில் மீன் இருக்காது, மீனைப் பற்றி எழுதியதுதான் இருக்கும், நூலகமும் அப்படித்தான். 'புதுப்பி' என்றதும் கோடி ஒவ்வொரு கோப்புக்குள்ளும் பதிந்திருக்கும் டேக்கை, அதாவது பாடகர், தலைப்பு போன்ற விவரக் குறிப்பைப் படித்து, எஸ்க்யூலைட் (SQLite) என்ற தரவுத்தளத்தில் எழுதிக்கொள்கிறது. டேக்கில் மூன்று பெயர் இருந்தால் மூன்று பாடகர்தான்.

டேக்கின் பழைய வடிவம் 1996-இல் வந்தது. எம்பி3 கோப்பின் வாலில் 128 பைட்; அதில் பாட்டின் தலைப்புக்கு 30 பைட்தான். அது ஐரோப்பிய எழுத்துகளை மனதில் வைத்துச் செய்தது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். 'இராமநாதபுரம்' என்பதில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்து 12 குறியீடுகள், அதாவது 36 பைட். அதை அந்தக் கட்டத்தில் திணித்தால் 'இராமநாதபுர' என்று நின்றுவிடும். 1998-இல் வந்த இரண்டாம் வடிவம் கோப்பின் தலைப்பகுதியில் உட்காருகிறது. அதில் இந்த நெருக்கடி இல்லை. இரண்டும் ஒரே கோப்பில் இருந்து, ஆளுக்கொன்று சொல்வதும் உண்டு. பழையதை நீக்கிவிடுவதே நல்லது.

இதைவிடத் தொல்லையானது கண்ணுக்கே தெரியாது. 'தொண்டி' என்று இரண்டு விதமாகச் சேமிக்கலாம். த-வுக்கு அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதலாவது 18 பைட், மற்றது 21. இரண்டும் சமம் என்று யூனிகோடு விதி சொல்கிறது. எஸ்க்யூலைட்டோ பைட்டுக்குப் பைட் ஒப்பிடும். அதனால் ஒரே பெயர் பட்டியலில் இரண்டு முறை வரும். அப்படி வந்தால் ஒன்றை நகலெடுத்து மற்றதன் மேல் ஒட்டுங்கள், தீர்ந்தது.

திருத்த வேண்டிய இடம் டேக்தான். எம்பி3டேக், பிக்கார்டு போன்ற இலவச மென்பொருள்கள் போதும். ஒரு எச்சரிக்கை: கோப்பின் அளவோ தேதியோ மாறியிருந்தால்தான் கோடி அது இருக்கும் கோப்புறையை மறுபடி படிக்கும். டேக்கில் காலி இடம் விட்டிருப்பதால் திருத்திய பிறகும் அளவு மாறாமல் போகலாம். ஆகவே பழைய தேதியைக் காப்பாற்றும் வசதியை அணைத்து வையுங்கள்.

'துப்புரவு செய்' என்ற கட்டளைக்கு வேறு வேலை. பதிவில் உள்ள கோப்பு இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததை நீக்கும். பாம்பன், மண்டபம் பக்கத்து உப்புக்காற்றில் யுஎஸ்பி முனைகள் அரித்து, இணைப்பு விட்டுவிட்டு வரும். வன்தட்டு இணையாத நேரத்தில் துப்புரவை ஓட்டினால் எல்லாப் பாட்டும் தொலைந்ததென்று பதிவுகள் அழியக்கூடும். பாட்டு போகாது, எத்தனை முறை கேட்டீர்கள் என்ற கணக்கு போய்விடும். முதலில் ஒரு பாட்டை ஓடவிட்டுப் பாருங்கள், பிறகு அழுத்துங்கள்.

பெயரே இல்லாத பாட்டுக்கு பிக்கார்டில் ஒலி விரல்ரேகை இருக்கிறது. குரோமாபிரிண்ட் என்ற நிரல் பாட்டின் முதல் 2 நிமிடத்தை எடுத்து, 12 சுரத்தானங்களில் எதில் எவ்வளவு ஒலி என்று கணத்துக்குக் கணம் அளந்து, அதை ஒரு எண்வரிசையாக்கி அக்கூஸ்ட்ஐடி தளத்தில் தேடும். கேசட் கொஞ்சம் வேகமாக ஓடிப் பதிந்திருந்தால் சுருதி ஏறி, ரேகை பொருந்தாது. நம் கரையில் வலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டையோ, ஊர்த் திருவிழாவில் யாரோ பதிந்த கேசட்டையோ அந்தத் தளத்துக்குத் தெரிய வழியில்லை. அவற்றுக்குப் பாடியவர், ஊர், ஆண்டு எல்லாவற்றையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு நாமே டேக்கில் தட்ட வேண்டும். குரலை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள். ஹனிபாவைப் பிறகு ஒன்றாக்கிக்கொள்ளலாம்.