விதையில்லாத வாழைக்கு வாரிசு எடுப்பது எப்படி?

அல்சூர் மார்க்கெட்டில் வாங்கும் ஏலக்கிப் பழம் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். விதையாக வேண்டியவை, வளராமலே நின்றுபோனவை. காட்டு வாழையில் இதே இடம் முழுக்க மிளகு அளவில் கல் போன்ற விதைகள்தான்.

பூவன், ரஸ்தாளி, பெங்களூர்க்காரர்கள் பச்சை பாளெ என்கிற கேவண்டிஷ் எல்லாவற்றிலும் மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்கள் மூன்று தொகுதியாக, மொத்தம் 33. மகரந்தமோ சூலோ உருவாகும்போது அவை சரிபாதியாகப் பிரிய வேண்டும், மூன்றை எப்படிப் பாதியாக்குவது? ஏலக்கிக்கு 22தான், ஆனால் இரண்டு காட்டு இனங்களின் கலப்பு என்பதால் அதிலும் விதை பிடிப்பது அபூர்வம். கருவுறாமலே காய் பருத்துவிடும்.

அதனால் பக்கக்கன்றைப் பிரித்து நடுகிறோம், வாழையடி வாழையாக எல்லாமே ஒரே தாயின் நகல்கள். ஒன்றைச் சாய்க்கும் நோய் அத்தனையையும் சாய்க்கும். மைசூர்ப் பக்கம் நஞ்சன்கூடு ரசபாளெ என்ற வாழை, பனாமா வாடல் என்ற பூஞ்சை நோயால்தான் அரிதாகிப்போனது. அந்தப் பூஞ்சையின் டிஆர்4 என்ற வகை இப்போது கேவண்டிஷையும் தாக்குகிறது, பீகார் வரை வந்துவிட்டது. மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், மருந்தடித்து ஒழிக்க முடியாது.

சரி, நோய் தாங்கும் புது ரகம் உண்டாக்க, விதையே இல்லாததை எப்படிக் கலப்பது? முழு மலடாகாத ரகங்களைத் தேடிப் பிடித்து, மடல் உயர்ந்து பெண் பூக்கள் விரியும் காலையில், கல்கத்தா 4 போன்ற நோய் தாங்கும் காட்டு வாழையின் மகரந்தத்தைக் கையால் தடவுவார்கள். தார் பழுத்ததும் பழங்களை உரித்துப் பிசைந்து சல்லடையில் அரித்து விதை தேட வேண்டும், ஹோண்டுராஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ஆயிரக்கணக்கான பழங்களை இப்படித்தான் அரித்தார்கள். கிடைக்கிற ஒன்றிரண்டும் மண்ணில் முளைப்பது சந்தேகம் என்பதால், உள்ளேயிருக்கும் கருவை மட்டும் எடுத்து ஆய்வகத்தில் சத்துக்கூழில் வளர்க்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அப்புறம்தான். தாயின் சூல் சில சமயம் பிரியாமல் 33ஐயும் அப்படியே கொடுத்துவிடும், தந்தையான காட்டு வாழையின் 22ல் பாதி, அதாவது 11 சேர்ந்தால் 44. நான்கு தொகுதி என்பதால் இது ஓரளவு ஒழுங்காகப் பிரியும், விதையும் பிடிக்கும். இதை 22 உள்ள நல்ல வாழையோடு சேர்த்தால் 22ம் 11ம் கூடி மறுபடி 33, மறுபடி விதையில்லாப் பழம்!

ஆனால் கன்று நட்டுத் தார் வெட்டவே ஏறக்குறைய ஒரு வருஷம், அப்படிப் பல தலைமுறை. கலப்பில் ருசியும் மாறிவிடும். ஆஸ்திரேலியாவில் காட்டு வாழையின் ஆர்ஜிஏ2 என்ற, இந்த நோயைத் தாங்கவைக்கும் மரபணுவை மட்டும் கேவண்டிஷில் சேர்த்து, 2024ல் அனுமதியும் வாங்கிவிட்டார்கள். ருசிக்காகவே தேடி வாங்குகிற ரசபாளெ மாதிரிப் பழத்துக்கு இந்த வழிதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.