கர்ப்பத்தில் பெரிய சினைப்பைக் கட்டி: எதுவரை காத்திருக்கலாம்?

"குழந்தை நல்லா இருக்கும்மா. ஆனா வலது சினைப்பையில 11 சென்டிமீட்டர்ல ஒரு கட்டி தெரியுது."

12ஆவது வார ஸ்கேனில் இதைக் கேட்டதும் அந்தப் பெண்ணுக்குப் பேச்சே வரவில்லை. மாமியார்தான் கேட்டார்: "கல்யாணமான புதுசுல நீர்க்கட்டிக்கு மாத்திரை சாப்பிட்டாளே டாக்டரம்மா, அது கரையலையா?"

இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு. நீர்க்கட்டி என்று பொதுவாகச் சொல்லும் பிசிஓடியில் தெரிபவை சில மில்லிமீட்டர் அளவே உள்ள முட்டைப் பைகள். இது வேறு.

கர்ப்பத்தின் தொடக்கத்தில் தெரியும் கட்டிகளில் பெரும்பாலானவை, முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் கட்டிகள். நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும்வரை கருவைத் தாங்கும் புரோஜெஸ்டிரோனைச் சுரப்பதும் கார்பஸ் லூட்டியம்தான். பெரும்பாலும் 16 வாரத்துக்குள் தானாகச் சுருங்கிவிடும். அதனால்தான் முதலில் பொறுத்திருக்கச் சொல்கிறோம்.

இந்தப் பெண்ணுக்குச் சுருங்கவில்லை. கொழுப்பும் முடியும் அடைந்த டெர்மாய்டு கட்டி. இவ்வளவு பெரிய கட்டியின் பாரத்தில் சினைப்பை முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். 17ஆவது வாரத்தில் லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சை, செய்தோம். அதற்குள் குழந்தையின் உறுப்புகள் உருவாகியிருக்கும். கருப்பையும் இடத்தை அடைத்திருக்காது.

வழக்கமாகத் தொப்புளில் போடும் முதல் துளையை இடது விலா எலும்புக்குக் கீழே போட்டோம், கருப்பையில் கருவி பட்டுவிடக் கூடாதே என்று. உள்ளே இடம் கிடைக்க வயிற்றுக்குள் செலுத்தும் வாயுவின் அழுத்தம் 12 மி.மீ. பாதரசத்தைத் தாண்டவில்லை. கட்டியை மட்டும் உரித்து, பைக்குள் போட்டு எடுத்தோம். டெர்மாய்டுக்குள் இருப்பது வயிற்றில் சிந்தினால் உள்ளே அழற்சி வரலாம். சினைப்பையைக் காப்பாற்றிவிட்டோம்.

"மயக்க மருந்து பிள்ளைக்குப் போகாதா?" என்று வீட்டார் கேட்பதுண்டு. போகும், பிள்ளையும் கொஞ்ச நேரம் தூங்கும். வழக்கமான அளவில் தரும் மயக்க மருந்துகளால் ஊனம் வருவதாக நிரூபணமில்லை. கருப்பை இறுகி வலியெடுக்கும் வாய்ப்பு சிறிதளவு உண்டு. அதை மறைக்காமல் சொல்லித்தான் கையெழுத்து வாங்குகிறோம்.

கட்டி இருப்பது தெரிந்தவர்களுக்கு ஒன்று. திடீரென ஒரு பக்க அடிவயிற்றில் சுருட்டிப் பிடிக்கும் வலியும் வாந்தியும் வந்தால், சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். ராத்திரியானாலும் கிளம்பி வாருங்கள். முறுக்கு என்றால் எத்தனையாவது வாரமானாலும் உடனே அறுவை சிகிச்சைதான். சினைப்பை கறுத்துத் தெரிந்தாலும் முறுக்கைப் பிரித்துவிட்டால் பல நேரம் பிழைத்துக்கொள்கிறது.

அன்று மயக்கம் தெளிந்ததும் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் டாப்ளர் கருவியை வயிற்றில் வைத்தோம். நிமிடத்துக்கு 148. "இன்னொரு தடவை வைங்க டாக்டரம்மா" என்றார் மாமியார். வைத்தோம்.