இடுப்பை திருப்புங்கன்னா எதை திருப்பணும்? கோல்ஃப் ஸ்விங்கும் முதுகு வலியும்

போன வருஷம் என்கிட்ட பிசியோவுக்கு ஒரு சார் வந்தாரு. 58 வயசு, ரொம்ப வருஷம் பேங்க்ல நாற்காலி வேலை, ஓய்வுக்கு அப்புறம் தான் கோல்ஃப் பிடிச்சிருக்கு, வாரத்துல மூணு நாள் காலைல ஆறு மணிக்கெல்லாம் கோர்ஸுக்கு போயிடுவாராம். "டாக்டர், இடுப்பு பிடிச்சிக்கிச்சு, ஒன்பதாவது ஹோல், பாதி ஆட்டம் வரைக்கும் ஒண்ணும் தெரியல, அதுக்கப்புறம் வலது பக்கம் கத்தியை வச்சு குடையற மாதிரி இருக்கு"ன்னாரு. எங்கன்னு கேட்டேன், கையை பின்னால கொண்டுபோய் பெல்ட்டுக்கு கொஞ்சம் மேல, முதுகெலும்புல இருந்து ரெண்டு விரல் தள்ளி வச்சு காட்டினாரு. போன்ல அவர் ஸ்விங் வீடியோ இருந்துச்சு, அதை நிறுத்தி நிறுத்தி பார்த்தேன். கிளப்பை, அதாவது கோல்ஃப் மட்டையை, தூக்கி முடிச்ச இடத்துல பெல்ட் பக்கிள் இன்னும் பந்தை தான் பார்த்துட்டு இருக்கு, தோள் மட்டும் பின்னால போயிருக்கு, நடுவுல டீ ஷர்ட் கீழ் முதுகுல பிழிஞ்ச துணி மாதிரி முறுக்கிட்டு நிக்குது. கோச் என்ன சொல்றாருன்னு கேட்டேன். "இடுப்பை நல்லா திருப்புங்க சார்னு தான் தினம் சொல்றாரு, நானும் திருப்பிட்டு தான் இருக்கேன்"னாரு.

நம்ம மொழியில குழந்தையை தூக்கி வச்சிக்கிற இடமும் இடுப்பு, வேட்டி கட்டற இடமும் இடுப்பு, பின்னால வலிக்கிற கீழ் முதுகும் இடுப்பு தான், தொடை எலும்பு மேல போய் குழியில உட்கார்ற பந்து மூட்டுக்கும் இடுப்பு மூட்டுன்னு தான் பேரு. கோச் சொன்னது அந்த பந்து மூட்டை, சார் திருப்பினது கீழ் முதுகை. கோல்ஃப் ஆடி முதுகு வலியோட வர்றவங்கள்ல முக்கால்வாசி பேருக்கு நான் முதல்ல விளக்கறது இந்த வித்தியாசத்தை தான்.

கீழ் முதுகுல 5 எலும்பு இருக்கு, ஒவ்வொண்ணும் பெருசு, கனமானது, மேல இருக்கற மொத்த உடம்பையும் தாங்கறதுக்காக அமைஞ்சது. ஒரு எலும்புக்கும் அடுத்த எலும்புக்கும் பின்பக்கம் ரெண்டு சின்ன மூட்டு இருக்கு, கீழ் முதுகுல அந்த மூட்டோட முகம் சுவர் மாதிரி செங்குத்தா நிக்கும், அதனால முன்ன பின்ன குனியறது நிமிர்றது சுலபம், ஆனா திரும்ப போனா சுவர்ல சுவர் முட்டிக்கும். ஒவ்வொரு எலும்புக்கும் 2 டிகிரி அளவு தான் திரும்ப இடம், அஞ்சும் சேர்ந்தாலும் ஒரு பக்கத்துக்கு 10 டிகிரி கிட்ட, நிறைய பேருக்கு அதுக்கும் கம்மி. விலா எலும்பு ஒட்டியிருக்கற மேல் முதுகுல 12 எலும்பு, அங்க மூட்டோட முகம் வேற கோணத்துல இருக்கறதால 30லிருந்து 35 டிகிரி வரைக்கும் திரும்பும். இடுப்பு பந்து மூட்டு அதுக்கும் மேல, பந்தும் குழியும் ஆச்சே, உள்பக்கம் மட்டுமே 40 டிகிரி அளவு திரும்பணும்.

இப்போ கணக்கை போடுங்க. முழு பேக்ஸ்விங்ல, அதாவது அடிக்க கிளப்பை பின்னால தூக்கும்போது, தோள் சுமார் 90 டிகிரி திரும்பணும். இடுப்பு மூட்டு வழியா கூபகம், அதாவது ரெண்டு தொடை எலும்பும் வந்து சேர்ற இடுப்பெலும்பு வளையம், 45 கொடுக்குது, மேல் முதுகு 35 கொடுக்குது, கீழ் முதுகு 10 கொடுக்குது, சரியா போச்சு. சாரை அளந்து பார்த்தேன், ரெண்டு இடுப்பு மூட்டுமே உள்பக்கம் 15 டிகிரி தான் வந்துச்சு, மேல் முதுகு 20ஐ தாண்டல. குறையறதை யாராவது கொடுத்தாகணும் இல்லையா, உடம்பு பக்கவாட்டுல சாயும், எழும்பும், கை தனியா தூக்கும், இதெல்லாம் போக மீதியை கீழ் முதுகு தன் எல்லைக்கு மேல போய் கொடுக்கும், அதுவும் ஒரு தடவை இல்ல, ஒரு காலையில பல பத்து தடவை, பயிற்சி பண்ற ரேஞ்சுல ஒரு கூடை பந்து அடிச்சா இன்னும் ஒரு 50, 100.

பந்தோட எடை 46 கிராம் தான். அதை அடிக்க கிளப் மேல இருந்து கீழ வர்ற நேரம் கால் செகண்ட் கிட்ட. அந்த கால் செகண்ட்ல கீழ் முதுகு மேல விழற அழுத்தம் உடம்பு எடையை போல சுமார் 8 மடங்குன்னு 1990லயே அளந்து சொல்லியிருக்காங்க, ஓடும்போது வர்றது சுமார் 3 மடங்கு தான். 70 கிலோ ஆளுக்கு 560 கிலோன்னு ஆகுது. அந்த அளவீட்டுல புரொஃபஷனல்களுக்கும் அமெச்சூர்களுக்கும் மேலிருந்து கீழ அழுத்தற சுமை ரெண்டு பேருக்குமே ரொம்ப பெருசா தான் இருந்துச்சு, ஆனா பக்கவாட்டுல சாய்க்கிற சுமையும் எலும்பு மேல எலும்பை வழுக்க வைக்கிற சுமையும் அமெச்சூர்களுக்கு ரொம்ப அதிகம். வேகமா அடிக்கிறவங்களை விட தப்பா அடிக்கிறவங்க முதுகு இந்த ரெண்டு சுமையையும் கூட சுமக்குது, இது என்னை உண்மையிலேயே யோசிக்க வச்ச விஷயம்.

ஏன் வலது பக்கம்? வலது கை ஆட்டக்காரர் பந்தை அடிக்கிற நேரத்துல உடம்பு வலது பக்கமா சாய்ஞ்சுகிட்டே இடது பக்கம் படுவேகமா திரும்புது. சாயறதும் திரும்பறதும் ஒரே நேரத்துல சேரும்போது வலது பக்க பின்மூட்டுகள் ஒண்ணோட ஒண்ணு நசுங்கும். சார் கத்தி மாதிரின்னு சொன்ன இடம் சரியா அதுதான்.

டிஸ்கை பத்தியும் சொல்லணும், நம்ம ஊர்ல ஜவ்வுன்னு சொல்வாங்களே அது. கொழுக்கட்டை மாதிரி நினைச்சுக்கோங்க, உள்ள பூரணம் மாதிரி ஒரு வழவழ ஜெல், வெளிய சுத்தி கெட்டியான நார் அடுக்கு. அந்த நார் ஒரு அடுக்குல இந்த பக்கம் சாய்ஞ்சு ஓடும், அடுத்த அடுக்குல அந்த பக்கம், பாய் முடையற மாதிரி குறுக்கும் மறுக்குமா. நேரா அமுக்கினா எல்லா அடுக்கும் சேர்ந்து தாங்கும், ஆனா முறுக்கினா ஒரு திசையில ஓடற நார் மட்டும் இழுபடும், எதிர் திசை நார் தளர்ந்துடும், பாதி ஆள் தான் வேலை பார்க்கும். குனிஞ்ச நிலையில, பாரத்தோட, முறுக்கினா அது டிஸ்குக்கு மோசமான கூட்டணி, கோல்ஃப் ஸ்விங் அந்த மூணையும் ஒண்ணா கேட்குது. இதை படிச்சிட்டு பழைய ஸ்கேனை எடுத்து பார்த்து பயந்துடாதீங்க, வலியே இல்லாதவங்களுக்கும் வயசாக ஆக ஸ்கேன்ல டிஸ்க் பிதுங்கி தெரியறது ரொம்ப சகஜம். பயப்பட வேண்டியது வேற, கால் பலமிழந்து தடுக்கறது, தொடை இடுக்குல மரத்து போறது, சிறுநீர் கட்டுப்பாடு போறது, இதுல ஒண்ணு வந்தாலும் பயிற்சி கியிற்சின்னு உட்காராம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போயிடணும்.

பழைய ஆட்டக்காரங்க ஸ்விங்கை பார்த்தா ஒரு விஷயம் தெரியும். பாபி ஜோன்ஸ், சாம் ஸ்னீட், ஜாக் நிக்லாஸ் எல்லாருமே கிளப்பை தூக்கும்போது இடது குதிகாலை தரையில இருந்து தூக்கிடுவாங்க, குதிகால் எழும்பினா கூபகம் தாராளமா திரும்பும், முதுகுக்கு வேலை கம்மி. அப்புறம் காலை தரையில ஊன்றி, கீழ் உடம்பை கட்டிப் போட்டு, தோளை மட்டும் முடிஞ்ச வரைக்கும் திருப்பற பாணி வந்துச்சு, தோளுக்கும் கூபகத்துக்கும் நடுவுல இருக்கற அந்த வித்தியாசத்துக்கு எக்ஸ் ஃபேக்டர்னு ஒரு பேரு 1992ல பிரபலமாச்சு. ரப்பரை எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு வேகமா தெறிக்கும்ங்கற யோசனை தான், தூரம் கிடைச்சது உண்மை. ஆனா அந்த ரப்பர் வேலையை பார்க்கிறதுல கீழ் முதுகும் இருக்கு, 20 வயசுல உடம்பு வளையற பையனுக்கு ஒத்துக்கற முறையை 58 வயசு ஆளுக்கு அப்படியே சொல்லிக் கொடுக்கறது சரியில்லன்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

டைகர் உட்ஸ் கதை எல்லாருக்கும் பாதி தெரியும். 2014 மார்ச்ல முதல் முதுகு ஆபரேஷன், 2015ல ரெண்டு, 2017ல மாஸ்டர்ஸ் போட்டி நடக்கற அகஸ்டாவுல சாம்பியன்கள் விருந்துக்கு நடந்து போய் உட்கார்றதுக்கே நரம்புக்கு மரப்பு ஊசி போட்டுக்க வேண்டியிருந்துச்சுன்னு அவரே சொல்லியிருக்காரு. அதே மாசம் நாலாவது ஆபரேஷன், வயிறு பக்கமா உள்ள போய் கெட்டுப்போன டிஸ்கை எடுத்துட்டு கீழ் முதுகோட கடைசி எலும்பையும் அதுக்கு கீழ இருக்கற திரிக எலும்பையும் ஒண்ணா இணைச்சிட்டாங்க, அந்த மூட்டு இனி அசையவே அசையாது. அப்படி ஒரு மூட்டை பூட்டின பிறகு 2018 செப்டம்பர்ல டூர் சாம்பியன்ஷிப், 2019 ஏப்ரல்ல 43 வயசுல மாஸ்டர்ஸ்னு ரெண்டு பெரிய போட்டியை ஜெயிச்சாரு, கிளப் வேகம் மணிக்கு 120 மைலுக்கு மேல. வேகம் உருவாகற இடம் கீழ் முதுகா இருந்தா இது நடந்திருக்குமா? காலும் பிட்டத் தசையும் தரையை தள்ளி வேகத்தை உருவாக்குது, கூபகம் முதல்ல திரும்புது, அப்புறம் மார்பு, அப்புறம் கை, கடைசியா கிளப், துவைக்கிற கல்லுல கனமான போர்வையை அடிக்கிறவங்களை பாருங்க, கால்ல ஆரம்பிச்சு தான் அந்த அடி போர்வையோட நுனிக்கு போகும். கீழ் முதுகு வேகத்தை கீழ இருந்து மேல கடத்தற பாலம், பாலம் ஆடக்கூடாது. அதே நேரத்துல ஆபரேஷன் பண்ணிட்டா முடிஞ்சதுன்னும் இல்ல, ஒரு மூட்டை பூட்டினா பக்கத்து மூட்டுக்கு பாரம் கூடறது தெரிஞ்ச விஷயம், உட்ஸுக்கே 2025 அக்டோபர்ல அதுக்கு மேல இருக்கற டிஸ்கை மாத்த வேண்டியதாச்சு.

அப்போ என்ன பயிற்சி? திரும்ப வேண்டிய ரெண்டு இடத்தை திரும்ப வைக்கணும், திரும்பக்கூடாத இடத்தை அசையாம பிடிச்சிக்க பழக்கணும். முதல்ல வீட்டுலயே ஒரு சோதனை பண்ணி பாருங்க. நாற்காலியில நிமிர்ந்து உட்கார்ந்து, ரெண்டு முழங்காலுக்கு நடுவுல ஒரு மடிச்ச துண்டை வச்சு, முழங்கால் அசையாம இடது பாதத்தை மட்டும் வெளிப்பக்கமா தூக்குங்க. பாதம் வெளிய போனா இடுப்பு மூட்டு உள்பக்கம் திரும்புதுன்னு அர்த்தம், இது தான் பந்தை அடிச்ச பிறகு இடது இடுப்பு மூட்டு பண்ண வேண்டிய வேலை. பிட்டம் நாற்காலியை விட்டு எழும்பாம பாதம் கொஞ்சம் தான் வருதுன்னா அங்க தான் உங்க முதுகு வலியோட ஒரு வேர் இருக்கலாம், 2004ல புரொஃபஷனல் ஆட்டக்காரங்களை வச்சு பண்ணின ஆய்வுலயும் முதுகு வலி இருந்தவங்களுக்கு இந்த முன் இடுப்பு மூட்டோட, அதாவது பந்து போற பக்கத்து மூட்டோட, உள் திருப்பம் குறைவா இருந்தது தெரிய வந்துச்சு. நம்மள்ல சின்ன வயசுல இருந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து பழகினவங்க "எனக்கு இடுப்பு நல்லா வளையும்"னு சொல்வாங்க, சம்மணத்துல வர்றது வெளித் திருப்பம், கோல்ஃப் கேட்கறது உள் திருப்பம், ரெண்டும் தனித்தனி.

உள் திருப்பத்துக்கு சாருக்கு நான் கொடுத்தது தரையில உட்கார்ந்து கையை பின்னால ஊன்றி, கால் ரெண்டையும் அகலமா மடக்கி வச்சு, முழங்காலை ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி மெதுவா தரைக்கு சாய்க்கிறது, அவ்வளவு தான். மேல் முதுகுக்கு ஒருக்களிச்சு படுத்து, மேல் முழங்காலை மடக்கி ஒரு தலைகாணி மேல வச்சு அமுக்கிட்டு, மேல் கையை மட்டும் புத்தகத்தை திறக்கற மாதிரி பின்னால விரிக்கிறது, முழங்கால் தலைகாணியை விட்டு எழும்பிச்சுன்னா கீழ் முதுகு ஏமாத்துதுன்னு அர்த்தம். அசையாம பிடிக்கிறதுக்கு கனடாவோட வாட்டர்லூ பல்கலைக்கழகத்துல முதுகெலும்பை பல வருஷம் ஆராய்ச்சி பண்ணின ஸ்டூவர்ட் மெக்கில் சொல்ற மூணு பயிற்சி இருக்கு, அதுல எனக்கு ரொம்ப பிடிச்சது நாலு கால்ல நின்னு ஒரு கையையும் அதுக்கு எதிர் பக்க காலையும் நீட்டி 10 செகண்ட் நிக்கறது. பார்க்க சின்ன வேலை மாதிரி இருக்கும், ஆனா கீழ் முதுகு மேல ஒரு டம்ளர் தண்ணி வச்சா சிந்தக்கூடாது, சார் முதல் நாள் மூணு செகண்ட்ல சாய்ஞ்சிட்டாரு. மத்த ரெண்டு, ஒருக்களிச்சு முழங்கையில உடம்பை தாங்கற பக்கவாட்டு பிளாங்க்கும், தலையையும் தோளையும் மட்டும் லேசா தூக்கற ஒரு கர்ல் அப்பும். உட்கார்ந்து எழுந்து இடுப்பை முறுக்கற ட்விஸ்ட், கால் விரலை தொடற சிட் அப் இதெல்லாம் வலி இருக்கறவங்க விட்டுடுங்க, ஏற்கனவே இழுபட்ட நாரை தான் அது திரும்ப இழுக்கும்.

இன்னொரு விஷயம், காலை நேரம். நாம படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணியை உறிஞ்சி ஊதிக்கும், அதனால தான் காலையில ராத்திரியை விட ஒரு சென்டிமீட்டருக்கு மேல உயரமா இருக்கோம். ஊதின டிஸ்கை குனிய வச்சா அழுத்தம் ரொம்ப ஏறும், எழுந்த முதல் ஒரு மணி நேரம் கொஞ்சம் கவனமா இருக்கணும். நம்ம சார் 5.20க்கு எழுந்து கார்ல உட்கார்ந்து போய் 6 மணிக்கு டிரைவர்ங்கற பெரிய கிளப்பை எடுத்து முழு பலத்தோட அடிச்சிட்டு இருந்தாரு. இப்போ அரை மணி முன்னால எழுந்துக்கறாரு, பத்து நிமிஷம் வேகமா நடக்கறாரு, சின்ன கிளப்ல அரை ஸ்விங்ல ஆரம்பிச்சு தான் பெரிய கிளப்புக்கு போறாரு.

ஹோல்ல இருந்து பந்தை எடுக்கறதையும் மாத்தினோம். ஸ்விங்ல பிடிக்காம, 46 கிராம் பந்தை குனிஞ்சு எடுக்கும்போது பிடிச்சிக்கிட்டு வந்தவங்க எத்தனையோ பேரு, 18 ஹோல்ல பந்தை நிறுத்தற டீ குச்சியை ஊன்ற, பந்து எடுக்கன்னு முதுகு வளையறது நாப்பது தடவைக்கு குறையாது. பந்தை குழிக்குள்ள தள்ற பட்டர் கிளப்பை ஒரு கையில ஊன்றி, ஒரு கால்ல நின்னு, இன்னொரு காலை பின்னால நீட்டி துலாக்கோல் மாதிரி சாய்ஞ்சு எடுத்தா மடங்கறது இடுப்பு மூட்டு, முதுகு நேராவே இருக்கும். கோச்கிட்டயும் போன்ல பேசினேன், ரொம்ப நல்ல மனுஷன், பழைய சாம்பியன் பென் ஹோகன் நின்ன மாதிரி இடது பாதத்தை கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி நிக்க வச்சாரு, அதுலயே இடது இடுப்பு மூட்டுக்கு கூடுதல் இடம் கிடைச்சிடும், இடது குதிகாலை தூக்கவும் விட்டுட்டாரு.

மூணு மாசத்துல சாரோட உள் திருப்பம் 15ல இருந்து 27க்கு வந்திருக்கு, வலி முழுசா போகல, ரெண்டு நாள் தொடர்ந்து ஆடினா லேசா தெரியுதாம், ஆனா 18 ஹோலும் நடந்தே முடிக்கறாரு. போன வாரம் புது வீடியோ அனுப்பியிருந்தாரு. அதே இடத்துல நிறுத்தி பார்த்தேன், இடது குதிகால் புல்லுல இருந்து ரெண்டு விரல் எழும்பியிருக்கு, பெல்ட் பக்கிள் பந்தை விட்டு நல்லா வலது பக்கம் போயிருக்கு, கீழ் முதுகுல டீ ஷர்ட் மடிப்பு முறுக்காம நேரா கீழ விழுது.