பதர்: ராடாரை ஏய்த்த கீற்றுக்கு ஒரு தமிழ்ப் பெயர்

எதிரியின் ராடாரைக் குழப்புவதற்காகப் போர் விமானங்கள் வானில் தூவும் உலோகப் பூச்சுள்ள கீற்றுகளை ஆங்கிலத்தில் 'சாஃப்' என்பர். உமி, பதர், நறுக்கிய வைக்கோல் எல்லாவற்றையும் ஒருங்கே சுட்டும் பழைய வேளாண் சொல் அது. பிரித்தானியர் இட்ட பெயர் 'விண்டோ', அதாவது சன்னல். மறைபெயராகையால் அதில் பொருள் தேடுவது வீண்.

இக்கீற்றை 1942இல் செயல்வடிவுக்குக் கொண்டுவந்தவர் ஜோன் கரன். கேம்பிரிட்ஜில் பௌதிகவியல் படித்துத் தேறியும், பெண்களுக்கு அப்பல்கலைக்கழகம் அந்நாளில் முழுப் பட்டம் வழங்காமையால் பட்டமின்றி வெளியேறியவர். எண்ணத்தை முன்வைத்த ஆர். வி. ஜோன்ஸ் பேசப்படும் அளவுக்கு இவர் பேசப்படுவதில்லை. கம்பி, தாளளவுத் தகடு என்று பலவற்றையும் சோதித்த பின்னரே கீற்று தேறியது. செருமானியரின் வூர்ட்ஸ்பர்க் ராடாரின் அலைநீளம் ஏறத்தாழ 53 செ.மீ.; அதில் பாதியான 27 செ.மீ. நீளக் கீற்று அவ்வலையோடு பரிவுற்று, அதாவது ஒத்து அதிர்ந்து, தன் பருமனுக்கு மிஞ்சிய எதிரொலியைத் திருப்பும். எதிரியும் இதைக் கைக்கொள்வான் என்ற அச்சத்தால் ஓராண்டுக்கு மேல் பூட்டி வைக்கப்பட்டு, 1943 யூலை 24ஆம் திகதி இரவு ஹம்பேர்க் மீது முதன்முதலாகக் கொட்டப்பட்டது. சென்ற 791 குண்டுவீச்சு விமானங்களில் 12 மட்டுமே திரும்பவில்லை. அதே வாரத்தில் அந்நகரில் பல்லாயிரம் பொதுமக்கள் மாண்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தமிழில் இதனை 'உலோகத் துணுக்கு' என்பது விளக்கமாகுமே தவிரப் பெயராகாது. 'உமி' என்பதும் பொருந்தாது. அரிசியைக் கொடுத்துவிட்டுக் கழிவது உமி. இலங்கையின் கிழக்கே படுவான்கரையிலோ சம்மாந்துறையிலோ சிறுபோக நெல்லைக் கச்சான் காற்றில் சுளகால் தூற்றுவதைப் பார்த்தவர்களுக்கு வேறுபாடு தெரியும்: மணி நேரே காலடியில் விழ, பதர் காற்றோடு மிதந்து அப்பால் படியும். கையில் எடுத்தால் நெல்லின் வடிவம் முழுதாக இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே ஒன்றுமிராது. ராடார்த் திரையில் விமானமாகத் தோன்றி, உள்ளே விமானமில்லாத இப்பொருளும் அத்தகையதே. பயனற்ற சொல்லைப் பாராட்டுபவனை மகன் என்னாமல் 'மக்கட் பதடி' என்று வள்ளுவர் சொன்னதும் இப்பொருளிலேயே. பதடி என்பது பதர்தான்.

ஆகவே 'பதர்' என்றே வழங்கலாம். வானில் அது திரளும்போது 'பதர்மேகம்' எனலாம். விமானத்திலிருந்து அதனை வீசுவதற்கோ, களத்துச் சொல்லான 'தூற்றுதல்' ஆயத்தமாகவே இருக்கிறது.