‘கோப்பியஸ்’ என்றால் எத்தனை மக் தண்ணீர்?

ஆசிட், காஸ்டிக் சோடா மாதிரியான ரசாயனங்களோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளில், முதலுதவிப் பகுதியில் அடிக்கடி தென்படும் ஆங்கிலச் சொல் ‘கோப்பியஸ்’. கண்ணில் பட்டால் கோப்பியஸ் அளவு தண்ணீரில் கழுவச் சொல்லியிருப்பார்கள். தொழிற்சாலைகளில் பாதுகாப்புப் பயிற்சி நடத்தும்போது அர்த்தம் கேட்டால் ‘நிறைய’ என்று சரியாகவே சொல்கிறார்கள். நிறைய என்றால் எவ்வளவு என்று கேட்டால்தான் சிக்கல்: ஒரு மக், ரெண்டு மக், மிஞ்சிப் போனால் அரை வாளி. பார்வை பறிபோவது இந்த இடத்தில்தான்.

இலத்தீனில் ‘கோப்பியா’ என்றால் வளம், மிகுதி. அதற்கும் அடியில் இருப்பது செல்வம் என்று பொருள்படும் ‘ஓப்ஸ்’. ரோமானியர் விளைச்சலுக்காக வணங்கிய பெண் தெய்வத்தின் பெயரும் அதுதான். பழமும் தானியமும் நிரம்பி வழிகிற மாதிரி ஓவியங்களில் வரும் கொம்பு இருக்கிறதே, ‘கார்னுகோப்பியா’, அதிலும் இந்தக் கோப்பியாதான். நாம் ஜெராக்ஸ் கடையில் கேட்கும் ‘காப்பி’யும் இதே வேரில் முளைத்தது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் பெரும்பாலும் பெருகி வழிந்து வருகிறவற்றோடு சேரும்: கண்ணீர், வியர்வை, ரத்தப்போக்கு, மழை, அப்புறம் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிய குறிப்புகள். கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தைச் சொல்ல இது வராது. ‘ஆம்பிள்’ என்றால் தேவைக்குப் போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும்; கோப்பியஸ் அதையும் தாண்டியது. முதலுதவிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அங்கே வேண்டியது நிற்காமல் ஓடும் தண்ணீர்.

எவ்வளவு என்பதற்கு அமெரிக்காவின் ஆன்சி இசட்358.1 தரநிலையில் கணக்கே இருக்கிறது. கண் கழுவும் கருவியில் நிமிடத்துக்குக் குறைந்தது 1.5 லிட்டர், தொடர்ந்து 15 நிமிடம். கூட்டிப் பாருங்கள், 22 லிட்டரைத் தாண்டும், வீட்டுக்கு வாங்கும் 20 லிட்டர் கேன் ஒன்று முழுசாகக் காலியாகிவிடும். உடம்பில் ரசாயனம் கொட்டினால் அடியில் போய் நிற்கும் அவசர ஷவருக்கோ நிமிடத்துக்கு சுமார் 75 லிட்டர். இரண்டுக்கும் 10 விநாடிக்குள் போய்ச் சேர முடிய வேண்டும், ஆகவே வழியில் டிரம் அடுக்கி வைத்திருந்தால் இன்றைக்கே நகர்த்தச் சொல்லுங்கள்.

ஆசிட் பட்டால் கண்ணின் மேற்புறப் புரதம் உறைந்து ஓரளவு தடுப்பாக நிற்கும். காரம், அதாவது காஸ்டிக் சோடா மாதிரியான ஆல்கலி, அப்படியில்லை, திசுவின் கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டே உள்ளே இறங்கும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் காரம்தான். பாக்கெட்டைக் குழந்தை அமுக்கி விளையாட, அது பீய்ச்சிக் கண்ணில் அடிக்கும் விபத்துகள் நம் நாட்டில் நடந்துகொண்டே இருக்கின்றன. இமையை விரித்துப் பிடித்து, அடியில் ஒட்டியிருக்கும் துகளும் போகிற மாதிரி குழாய்த் தண்ணீரை மெதுவாக ஓடவிடுங்கள். லென்ஸ் போட்டிருந்தால் கழுவிக்கொண்டே கழற்றுங்கள். தாய்ப்பால், நல்லெண்ணெய் எதுவும் வேண்டாம், காரத்தை முறிக்க எலுமிச்சைச் சாறு விடுவது அதைவிட ஆபத்து. நன்றாகக் கழுவிய பிறகு, எரிச்சல் குறைந்திருந்தாலும் சரி, உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணில் பட்ட பொருளின் பாட்டிலோ பாக்கெட்டோ கையில் இருக்கட்டும், எது பட்டது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.